மருந்துச் சீட்டு முடியும் இடத்தில்: மனநோயுடன் வாழ்வோருக்கான சமூகம் சார்ந்த மறுவாழ்வு

கடும் மனநோயால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவர் சில வாரச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காதில் ஒலித்துக்கொண்டிருந்த குரல்கள் அடங்கிவிட்டன. இரவில் உறக்கம் வருகிறது. தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற அச்சமும் பெரும்பாலும் விலகிவிட்டது. மருத்துவக் கணக்கில் இது வெற்றிதான். ஆனால் அவருக்கு இப்போது வயது 34. நோய் தொடங்கியபோது 22. பாதியில் நின்ற படிப்பு, கைநழுவிய வேலை, ஒவ்வொருவராக விலகிப்போன நண்பர்கள், காலையில் இத்தனை மணிக்கு எழ வேண்டும் என்ற தேவையே இல்லாமல் கழிந்த நாட்கள் என அந்த 12 ஆண்டுகளின் இழப்பு அப்படியே நிற்கிறது. கையிலுள்ள மருந்துச் சீட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தச் சீட்டு முடியும் இடத்தில் தொடங்கும் வேலைக்குத்தான் மறுவாழ்வு என்று பெயர். அதை மருத்துவமனை வளாகத்துக்குள் நடத்தாமல் அவர் குடியிருக்கும் வீட்டிலும், நடமாடும் தெருவிலும், வேலை பார்க்கும் இடத்திலுமே நடத்தினால் அது சமூகம் சார்ந்த மறுவாழ்வு.

"மறுவாழ்வு மையம்" என்ற பெயரைக் கேட்டதும் சுற்றுச்சுவரும் வாயிற்கதவும் உள்ள ஒரு கட்டடம்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரையில் அந்தப் படத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது. இங்கே பேசப்படும் திட்டங்கள் சிலவற்றுக்குக் கட்டடமே கிடையாது. சிலவற்றுக்கு உண்டு, ஆனால் விரும்பியவர் வரவும் விரும்பாதபோது போகவும் அதன் கதவு திறந்தே இருக்கும்.

மருந்து மட்டும் ஏன் போதவில்லை?

மனச்சிதைவு நோயை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அந்நோயின் அறிகுறிகளை மருத்துவர்கள் ஏறத்தாழ மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். இல்லாத குரலைக் கேட்பது, ஆதாரமற்ற ஐயங்களை உறுதியாக நம்புவது போன்றவை முதல் வகை. பெரும்பாலான நோயாளிகளிடம் மருந்து இவற்றை நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. ஆர்வம் வற்றிப்போவது, பேச்சு சுருங்குவது, முகத்தில் உணர்ச்சி குன்றுவது, எதையும் தொடங்க உந்துதல் இல்லாமல் இருப்பது ஆகியவை இரண்டாம் வகை. கவனம், நினைவாற்றல், திட்டமிடும் திறன் ஆகியவற்றில் ஏற்படும் குறைவு மூன்றாம் வகை. இந்தப் பிந்தைய இரண்டும் மருந்துக்கு அவ்வளவாக இணங்குவதில்லை. ஒருவர் வேலையில் நிலைப்பாரா, தனியாகக் குடும்பம் நடத்துவாரா என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். வீட்டில் இருப்பவர்கள் இவற்றைச் சோம்பல் என்றும் பொறுப்பின்மை என்றும் வாசித்துவிடுவது மிகப் பரவலான தவறு, "குரல் கேட்பது நின்றுவிட்டதே, இன்னும் ஏன் படுத்தே கிடக்கிறான்?" என்ற கேள்வியில் அந்தத் தவறு முழுமையாகத் தெரிகிறது. மிகையான எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைப் பிறழ்வும், நீடித்த கடும் மனச்சோர்வும் வேறு வகையான நோய்கள் என்றாலும், நீண்ட காலம் நீடிக்கும்போது அவை விட்டுச்செல்லும் வெற்றிடம் ஏறக்குறைய இதே வடிவத்தில்தான் இருக்கும்.

இதை மருந்துக்கு எதிரான வாதமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்தை ஒழுங்காக உட்கொள்ளும் வழிகளைக் கண்டறிவதும், பக்கவிளைவுகளை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லக் கற்பதும் மறுவாழ்வுப் பணியின் பகுதிகளே.

மறுவாழ்வு இரு திசைகளில் இயங்குகிறது. ஒன்று, அந்த மனிதரின் திறனை வளர்ப்பது: பணத்தைக் கையாள்வது, பேருந்தில் தனியாகப் போய்வருவது, சமைப்பது, அறிமுகமற்றவரோடு உரையாடலைத் தொடங்குவது, நோய் திரும்பும் முன்னறிகுறிகளைத் தானே கண்டுகொள்வது. மற்றொன்று, அவரைச் சூழ்ந்துள்ள இடத்தை மாற்றுவது. இரவு மருந்தின் மயக்கம் காலை ஒன்பது மணிவரை தெளியாத ஒருவருக்கு வேலை நேரத்தைப் பத்து மணிக்குத் தள்ளிவைப்பது, வாய்மொழியாகச் சொல்லப்படும் நான்கு கட்டளைகளில் இரண்டை மறந்துவிடுபவருக்கு அவற்றை எழுதிக் கொடுப்பது, ஓசை மிகுந்த இடத்தில் தடுமாறுபவரை ஓர் ஓரத்து இருக்கைக்கு மாற்றுவது போன்றவை இதில் அடங்கும். இரண்டாவது திசையில் பெரும்பாலும் செலவே இல்லை. ஆனாலும் முதல் திசையில்தான் எல்லோரும் உழைக்கிறார்கள், ஏனெனில் நோயாளியை மாறச் சொல்வது மேலாளரை மாறச் சொல்வதைவிட எளிது.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது?

மனநோயாளிகளை ஊருக்குள் வைத்தே பராமரிக்கும் வழக்கம் புதிதல்ல. பெல்ஜியம் நாட்டின் கேல் என்ற ஊரில், புனித டிம்ஃப்னாவின் கோயிலை நாடி வந்த மனநோயாளிகளை உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் தங்கவைத்துக்கொள்ளும் பழக்கம் இடைக்காலத்திலேயே தோன்றியது. 1930களின் இறுதியில் அவ்வாறு குடும்பங்களோடு தங்கியிருந்தவர்கள் 3,500க்கும் மேற்பட்டவர்கள். எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டாலும் அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. ஆனால் உலகின் பெரும்பகுதி சென்ற பாதை இதுவன்று. 19ஆம் நூற்றாண்டில் பெரிய மனநோய் விடுதிகள் எழுந்தன. அவை நிரம்பி வழிந்தன. 1955ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மனநோய் மருத்துவமனைகளில் மட்டும் ஏறத்தாழ 5,58,000 பேர் இருந்தார்கள். 1950களில் வந்த குளோர்புரோமசின் என்ற மருந்து அவர்களில் பலரை வெளியே அனுப்ப முடியும் என்ற நம்பிக்கையைத் தந்தது. 1963இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் ஊர்தோறும் மனநல மையங்களை அமைக்க வழிசெய்தது. நோயாளிகள் வெளியே வந்தார்கள். திட்டமிட்ட மையங்களில் ஏறத்தாழப் பாதி கட்டப்படவே இல்லை. கதவைத் திறப்பதும் வெளியே ஒரு வாழ்க்கையை அமைத்துக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதைத் தெருவில் படுத்துறங்கிய மனிதர்களை வைத்து அந்த நாடு கற்றது.

அதே காலத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடந்த வேறொரு முயற்சி அதிகம் பேசப்படுவதில்லை. என் பார்வையில் இத்துறையின் மிக முக்கியமான சான்று அதுதான். அங்கிருந்த அரசு மருத்துவமனையின் பின்கட்டு வார்டுகளில், புதிய மருந்தாலும் போதிய முன்னேற்றம் காணாமல், இனி வெளியே போகவே மாட்டார்கள் என்று கருதப்பட்ட 269 பேரை 1950களின் நடுவில் ஒரு மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்த்தார்கள். அவர்களுக்குத் தங்குமிடம், வேலை, தொடர் மருத்துவம், ஊரில் பழகிக்கொள்ள மனிதர்கள் ஆகியவற்றை ஏற்பாடு செய்து படிப்படியாக வெளியே அனுப்பினார்கள். சராசரியாக 32 ஆண்டுகளுக்குப் பிறகு கோர்ட்னி ஹார்டிங் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அவர்களைத் தேடிச் சென்று பார்த்து 1987இல் வெளியிட்ட முடிவு, அவர்களில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கினர் வரை கணிசமாக முன்னேறியிருந்தார்கள் அல்லது மீண்டிருந்தார்கள் என்பதாகும். மனச்சிதைவு என்றால் நாளுக்கு நாள் சரிவுதான் என்று நம்பியிருந்த மருத்துவ உலகுக்கு இது பெரும் வியப்பு. பின்னர் இதே போன்ற வயதும் நோயும் மருத்துவமனைக் காலமும் கொண்ட, ஆனால் அத்தகைய மறுவாழ்வுத் திட்டம் கிடைக்காத மெய்ன் மாநில நோயாளிகளோடு ஒப்பிட்டபோது, வெர்மான்ட்காரர்கள் வேலையிலும், அறிகுறிகள் குறைந்திருந்ததிலும், ஊரோடு ஒட்டி வாழ்வதிலும் மேலான நிலையில் இருந்தார்கள். இரு மாநிலங்களுக்கும் இடையே வேறு வேறுபாடுகளும் உண்டு என்பதால் இதை ஐயத்துக்கு இடமற்ற நிரூபணமாகக் கொள்ள முடியாது. ஆயினும், மீள முடியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களை முன்கூட்டியே கைவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

இத்தாலியில் திரியெஸ்தே நகர மனநோய் மருத்துவமனைக்கு 1971இல் இயக்குநராக வந்த மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா, நோயாளிகளுக்கு வெளியே ஒரு வாழ்க்கை உண்டா என்ற கேள்வியை அரசியலாகவும் எழுப்பினார். அங்கே நோயாளிகள் "தொழில் சிகிச்சை" என்ற பெயரில் தரை துடைத்தும் துணி துவைத்தும் வந்தார்கள்; கூலி கிடையாது. அவர்களே சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே வேலைக்கு முறையான ஒப்பந்தமும் சம்பளமும் பெறும் நிலை அவர் காலத்தில் உருவானது. வேலை அதே வேலைதான், துடைப்பமும் அதே துடைப்பம்தான். ஆனால் நோயாளி தொழிலாளி ஆனார். 1973இல் அந்த மருத்துவமனையில் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து நீல நிறத்தில் பெரிய குதிரை ஒன்றைச் செய்து ஊர்வலமாக வெளியே கொண்டுவந்தார்கள். வாசலைவிடக் குதிரை பெரிதாக இருந்ததால் வாசலை இடித்துத்தான் அதை வெளியே எடுக்க நேர்ந்தது என்று சொல்வார்கள். 1978 மே மாதம் இயற்றப்பட்ட 180ஆம் எண் சட்டம் இத்தாலியின் மனநோய் மருத்துவமனைகளைப் படிப்படியாக மூட வழிவகுத்தது. அவற்றின் இடத்தில் திரியெஸ்தே அமைத்துக்கொண்டது, நாள் முழுவதும் திறந்திருக்கும், சில படுக்கைகள் மட்டுமே கொண்ட, குடியிருப்புப் பகுதிகளுக்கு நடுவிலேயே உள்ள சிறு மையங்களை.

முதலில் பயிற்சியா, முதலில் வாழ்க்கையா?

இத்திட்டங்களின் வகைகள் பல. ஆனால் அவற்றைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒருவரை முதலில் தயார்படுத்திவிட்டுப் பிறகு வாழ்க்கைக்குள் அனுப்புவதா, அல்லது வாழ்க்கைக்குள் இருக்கும்போதே தேவையான துணையைத் தருவதா? பழைய மறுவாழ்வு முறை முதலாவதை நம்பியது. மெழுகுவத்தி செய்யும் கூடத்தில் ஓராண்டு, பிறகு நோயாளிகளுக்கென்றே தனியாக நடத்தப்படும் "பாதுகாக்கப்பட்ட பட்டறை"யில் ஈராண்டு, பிறகு பார்க்கலாம் என்ற அந்தப் படிக்கட்டில் ஏறத் தொடங்கிய பலர் நடுப்படியிலேயே முதுமை எய்தினார்கள். கூடத்தில் கற்ற திறன் வெளியே வேறொரு சூழலில் கைகொடுப்பது அரிது என்பதும் தெரியவந்தது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேடிசன் நகரில் ஒரு மருத்துவமனைக் குழு இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. நோயாளி மருத்துவமனைக்குள் நன்றாக முன்னேறுகிறார், வெளியே சென்றதும் சரிகிறார் என்றால் ஊழியர்களே வெளியே போக வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். மனநல மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் முதலியோர் அடங்கிய குழு நோயாளியின் வீட்டுக்கே செல்லும். அவர் வாங்கும் கடையில் வாங்கக் கற்றுக்கொடுக்கும். அவருடைய அடுப்பில் சமைக்கக் கற்றுக்கொடுக்கும். ஓர் ஊழியருக்குப் பத்து நோயாளிகள் அளவிலேயே பொறுப்பு இருக்கும். தேடிச் சென்று தொடர்ந்து துணைநிற்கும் இம்முறை பல நாடுகளுக்குப் பரவியது. அமெரிக்காவில் மருத்துவமனை நாட்களை வெகுவாகக் குறைத்த இது, வழக்கமான சமூக மனநலச் சேவை ஏற்கெனவே ஓரளவு நன்றாக இருந்த பிரிட்டனில் அந்த அளவுக்குக் குறைக்கவில்லை. மறுக்க மறுக்கக் கதவைத் தட்டுவது துணையா, கண்காணிப்பா என்ற விமரிசனமும் நியாயமானதே. அந்தக் கோடு மிக மெல்லியது.

வேலை விஷயத்திலும் இதே தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. துணையோடு கூடிய வேலைவாய்ப்பு எனப்படும் முறையில், வேலை செய்ய விரும்புகிறேன் என்று ஒருவர் சொன்னாலே போதும். நோய் எவ்வளவு கடுமையானது என்பதைக் காரணம் காட்டி மறுப்பதில்லை. நீண்ட பயிற்சி வகுப்புகள் இல்லாமல், அவர் விரும்பும் வகையான, எல்லோருக்கும் பொதுவான, ஊதியம் தரும் வேலையை விரைவில் தேடுகிறார்கள். கிடைத்த பின் ஒரு வேலைவாய்ப்பு ஊழியர் பின்னால் நின்று தாங்குகிறார். லண்டன், சூரிச், சோஃபியா உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரைக் கொண்டு நடத்தி 2007இல் வெளியான ஆய்வில், இம்முறையில் சேர்ந்தவர்களில் 55 விழுக்காட்டினர் வேலைக்குப் போனார்கள். வழக்கமான தொழிற்பயிற்சி பெற்றவர்களில் 28 விழுக்காட்டினரே போனார்கள். இங்கே வேலைக்குப் போனார்கள் என்பதற்கு ஒரு நாளாவது வேலை செய்தார்கள் என்பதுதான் பொருள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும். வேலை கிடைத்தால் அரசின் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற அச்சத்தால் வேலையை மறுப்பவர்களும் பல நாடுகளில் இருக்கிறார்கள்; அந்த அச்சத்தை வேலைவாய்ப்பு ஊழியரால் மட்டும் தீர்த்துவிட முடியாது.

வீட்டைப் பொறுத்தவரை, 1992இல் நியூயார்க்கில் தொடங்கிய "முதலில் வீடு" என்ற முறை இன்னும் துணிச்சலானது. தெருவில் வாழும் மனநோயாளி குடியை நிறுத்த வேண்டும், மருந்து சாப்பிட வேண்டும், பிறகே வீடு என்ற நிபந்தனையை அது எடுத்துவிட்டது. வீடு முதலில்; மற்றவை அவர் விரும்பும்போது. கனடாவின் ஐந்து நகரங்களில் 2,000க்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்தபோது, ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில் இம்முறையில் இருந்தவர்களில் 62 விழுக்காட்டினர் முழுக்காலமும் வீட்டில் நிலைத்திருந்தார்கள். வழக்கமான உதவி பெற்றவர்களில் அது 31 விழுக்காடு.

இவற்றிலிருந்து சற்று வேறுபட்டது, 1948இல் நியூயார்க்கில் நிறுவப்பட்ட ஃபவுண்டன் ஹவுஸ் காட்டிய வழி. மருத்துவமனையிலிருந்து வெளிவந்த சிலர் தங்களுக்குள் கூடிப் பேசத் தொடங்கியதில் உருவான மன்றம் அது. அங்கே வருபவர் நோயாளி அல்லர், உறுப்பினர். சமையலறை, அலுவலகம், வரவேற்பு, கணக்கு எல்லாவற்றையும் உறுப்பினர்களும் ஊழியர்களும் தோளோடு தோள் நின்று நடத்துகிறார்கள். வேண்டுமென்றே ஊழியர்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருப்பதால், உறுப்பினர் வராவிட்டால் அன்றைய உணவு தாமதமாகும். வராத உறுப்பினரை மற்றோர் உறுப்பினர் அழைத்து விசாரிப்பதும் உண்டு. பல ஆண்டுகளாக யாரும் எதிர்பார்க்காத ஒருவருக்கு, "இன்று நீங்கள் இல்லாமல் சிரமமாகிவிட்டது" என்ற சொல் எவ்வளவு பெரிய மருந்து என்பதை விளக்கத் தேவையில்லை. இன்று இத்தகைய மன்றங்கள் 300க்கும் மேல் பல நாடுகளில் இயங்குகின்றன.

மருத்துவர்கள் அரிதாக உள்ள இடங்களில்

மேலே சொன்னவை பெரும்பாலும் செல்வ நாடுகளின் திட்டங்கள். மனநல மருத்துவர்கள் எண்ணிக்கையில் சிலரே உள்ள இடங்களுக்கு வேறு வழி வேண்டும். உலக நலவாழ்வு அமைப்பு 1970களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்த சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்ற அணுகுமுறை முதலில் உடல் ஊனமுற்றோரை மனத்தில் கொண்டே உருவானது. 2010இல் வெளியான அதன் வழிகாட்டி நூல்கள் நலவாழ்வு, கல்வி, வாழ்வாதாரம், சமூக உறவு, அதிகாரம் பெறுதல் என ஐந்து தளங்களை வகுத்து, மனநலத்துக்குத் தனிப் பகுதியும் ஒதுக்கின. இதன் மையமான கருத்து, உள்ளூரைச் சேர்ந்த, மருத்துவப் படிப்பு இல்லாத பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து வீடுவீடாக அனுப்புவது.

இது பலிக்குமா என்று இரண்டு ஆய்வுகள் கவனமாகச் சோதித்தன. இந்தியாவில் மூன்று இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இத்தகைய பணியாளர்களின் வருகையும் கிடைத்தவர்கள் ஓராண்டுக்குப் பின் அறிகுறிகளிலும் செயல்திறனிலும் ஓரளவு மேலான நிலையில் இருந்தார்கள். ஆனால் ஒதுக்கப்படுதல், குடும்பத்தின் சுமை ஆகியவற்றில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. எத்தியோப்பியாவின் கிராமப்புறத்தில் 166 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வும், ஓராண்டு முடிவில் அன்றாடச் செயல்களில் இருந்த தடை குறைந்ததைக் காட்டியது. இரண்டிலும் கிடைத்த பலன் மிதமானதே. இதைப் பெருவெற்றியாகக் கொண்டாடுவதும் தவறு, தோல்வி என்று தள்ளுவதும் தவறு; மருத்துவர் ஒருவரும் எட்டாத வீடுகளுக்கு ஒரு மனிதர் சென்று சேர்ந்ததன் பலன் இது.

அத்தகைய வீடுகளில் பராமரிப்புப் பொறுப்பு முழுவதும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. வீட்டில் ஓயாத கண்டனமும் பகைமையும் இருந்தாலோ, மறுபுறம் மூச்சுமுட்டும் அளவுக்கு அதிகக் கவனிப்பு இருந்தாலோ, நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 1960கள் முதல் லண்டனில் நடந்த ஆய்வுகள் காட்டின. இதைக் கேட்டதும் குற்றவுணர்வில் ஆழ்ந்துவிடும் பெற்றோர் உண்டு. குடும்பம் நோயை உண்டாக்கியது என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. விளக்கமும் துணையும் இல்லாமல் பல ஆண்டுகள் தனியாகச் சுமந்தவர்களிடம் எரிச்சல் தோன்றுவது இயல்பு. அவர்களுக்கு நோயைப் பற்றித் தெளிவாக எடுத்துச்சொல்லி, சிக்கல்களைப் பேசித் தீர்க்கும் முறையைப் பழக்கினால், நோய் மீளும் விகிதம் குறைகிறது என்பதே அதன் தொடர்ச்சியாகக் கிடைத்த பயனுள்ள கண்டுபிடிப்பு. நோயைத் தாமே கடந்து வந்து, பயிற்சி பெற்றுப் பிறருக்குத் துணைநிற்கும் சக ஆதரவாளர்களும் இப்போது பல திட்டங்களில் ஊதியத்துடன் பணிபுரிகிறார்கள்.

ஒரு திட்டத்தில் சேருவதற்கு முன் என்ன கேட்கலாம்?

நீடித்த மனநோயுடன் வாழ்வோரையும் உள்ளடக்கி 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்பதைப் பிறரைப் போலவே தெரிவுசெய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. எனவே முதல் கேள்வி, இத்திட்டத்தின் இலக்கை எழுதியவர் யார் என்பது. "ஒழுங்காக மருந்து சாப்பிடுவார், அமைதியாக இருப்பார்" என்பது பெரும்பாலும் மற்றவர்களின் இலக்கு. "மறுபடி ஓட்டுநராக வேண்டும்", "என் மகளைப் பள்ளியில் நானே கொண்டுவிட வேண்டும்" என்பவை அவருடையவை. அடுத்து, அங்கே செய்யும் வேலைக்குக் கூலி உண்டா, அந்தக் கூலி யார் கையில் சேருகிறது என்று கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்த மறுப்பு மதிக்கப்படுமா என்பதையும் நேரடியாகவே கேட்டுவிடலாம்; தயங்கித் தயங்கி வரும் பதிலும் ஒரு பதில்தான்.

நோய் திரும்பி வரும் நாளைப் பற்றிய கேள்வியைத்தான் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். நன்றாக நடக்கும் திட்டத்திலும் அது நேரலாம். எந்த முன்னறிகுறி தெரிந்தால் யாரை அழைப்பது, எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பனவற்றை அவர் நலமாக இருக்கும்போதே அவருடைய சொற்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அவர் மருத்துவமனையில் இருக்கும் அந்தச் சில வாரங்களில் அவருடைய வேலை பறிபோகாமலிருக்க முதலாளியிடம் யார் பேசுவார்கள், திரும்பி வரும்போது வீட்டுச் சாவி அவர் கையிலேயே இருக்குமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.